‘இன்றே கடைசி’ கபீர்

சிராங்கூன் சாலையில் அஹமது கபீரின் குரலைக் கேட்காதவர் ஒருவரும் இல்லை. அவர் சொன்னதை நம்பியவரும் ஒருவரும் இல்லை. இரண்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. என்ன செய்வது, பெருமைப்பட்டுக்கொள்ள வேறெதுவும் கிடைக்காதபோது மனிதர்கள் இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மோட்டார் வண்டி ஒன்று போனால் கடையை விட்டு இறங்கி வந்து ஜனங்கள் வேடிக்கை பார்த்த காலம் அது. சலனப்படம் அப்போதுதான் ஊருக்குள் எட்டிப் பார்த்திருந்தது. அதில் வந்தவர்கள் வாயை அசைத்தார்களே தவிர, பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு மனசு நிறையும்படி ஒரு பொழுதுபோக்கு வேண்டுமென்றால், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வரும் நாடகக் கம்பெனிதான். கம்பெனி வந்தால் போதுமா, ஊருக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக ஒரு மாட்டு வண்டி கிளம்பும். இரு பக்கமும் ராஜாவையும் ராணியையும் எழுதிய தட்டி, முன்னால் ஒரு தப்பட்டைக்காரர், வாரி இறைக்கக் கட்டுக் கட்டாக நோட்டீஸ். வண்டியின் நடுவே முக்காலி மேல் ஏறி, வாயில் தகரக் குழலை வைத்துக்கொண்டு கபீர் நிற்பார்.

அவர் நாகூரில் பிறந்தவர். மீசை அரும்புகிற வயதில் இங்கே வந்து இறங்கினார். சூலியா தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த மாமா அவரைக் கடையில் உட்கார வைத்தார். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கிராம்பு என்ன விலை என்று யாராவது கேட்டால் கபீர் சொல்லும் பதில் எதிர்க்கடைக்காரர் காதிலும் விழுந்தது. எதிர்க்கடைக்காரர் அதற்கு ஒரு காசு குறைத்து விற்றார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு மருமகனை ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டார். கப்பலுக்கும் கரைக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தொங்கான் படகுகளில் அந்தக் குரலுக்கு ஒரு வேலை இருந்தது. ஒரு நாள் அப்படிப் படகிலிருந்து அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு, கரையில் பெட்டிகளோடு நின்றிருந்த நாடகக் கம்பெனி முதலாளி சிங்காரவேலு திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே ஆளைப் பேசி முடித்துவிட்டார்.

சிங்காரவேலு கெட்டிக்காரர். அவருடைய கெட்டிக்காரத்தனம் எந்த வகை என்பதை நான் சொல்லத் தேவையில்லை, கேளுங்கள். கம்பெனி வந்து சில வாரங்களில் கூட்டம் குறைய ஆரம்பித்தது. முதலாளி கபீரைக் கூப்பிட்டார்.

“நாளைக் கப்பல்ல கம்பெனி கிளம்புது, இன்றே கடைசின்னு கூவுங்க பாய்.”

“நாளைக்கா கிளம்புறோம், மொதலாளி?”

“கூவுங்கன்னா கூவுங்களேன்.”

கபீர் கூவினார். கொட்டகை பிதுங்கியது. மறுநாள் கப்பல் போனது, கம்பெனி போகவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ‘இன்றே கடைசி’. பிறகு அதுவே வாடிக்கையாகிவிட்டது. ஜனங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா என்ன? “என்ன பாய், போன வாரக் கடைசி முடிஞ்சிருச்சா?” என்று கோப்பிக்கடையிலிருந்து குரல் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கொட்டகைக்கும் வருவார்கள். தெருப் பிள்ளைகள் அவருடைய சொந்தப் பெயரையே மறந்து ‘இன்றே கடைசி’ என்று கூப்பிட்டார்கள். அஞ்சு வேளையும் தொழுகிற மனிதர்தான் கபீர். இருந்தாலும் இதைப் பொய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும், இதில் யார் யாரை ஏமாற்றுவது என்று கேட்பார்.

அந்தக் கம்பெனியின் ராஜபார்ட் மாசிலாமணி. சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடி நாடகத்தில் சேர்ந்து, குரல் உடையும் வரை ராணி வேஷம் கட்டி, உடைந்தபின் ராஜாவானவர். பகலில் பார்த்தால் ஆளை அடையாளம் தெரியாது. ஒல்லியாக, கன்னம் ஒட்டிப்போய், பீடியும் கையுமாக நடந்து போவார். விளக்குக்கு முன்னால் வந்து நின்றால் மட்டும் எங்கிருந்தோ ஒரு மிடுக்கு வந்துவிடும். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சாகும் காட்சி. போர்க்களத்தில் மார்பில் அம்பு தைத்து விழுவார். விழுந்து கிடந்தபடியே தலையை மெல்லத் தூக்கி ஒரு பாட்டுப் பாடுவார். பாட்டு முடியும்போது தலை சாயும். கொட்டகையில் விசும்பல் கேட்கும்.

உடனே முன்வரிசையில் தரையில் விரித்த பாயிலிருந்து ஒரு குரல் எழும்: “ஒன்ஸ்மோர்!”

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தங்கராஜுவின் குரல் அது. முதல் ஒன்ஸ்மோர் எப்போதும் அவனுடையதுதான். வேறு யாராவது முந்திக்கொண்டால் சண்டைக்குப் போய்விடுவான். அப்புறம் கொட்டகை மொத்தமும் ஒன்ஸ்மோர் என்று இரையும். செத்த ராஜா எழுந்து உட்கார்ந்து, அம்பு கீழே விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சபைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முதலிலிருந்து பாடி இன்னொரு தரம் சாவார். நல்ல கூட்டமென்றால் மூன்று தரம், நான்கு தரம்கூட நடக்கும். இதெல்லாம் அந்தக் காலத்தில் எந்த ஊர் நாடகத்திலும் இருந்த வழக்கம்தான். யாருக்கும் விபரீதமாகத் தோன்றியதில்லை. காசு கொடுத்தவன் கேட்டால் ராஜா எழுந்துதானே ஆக வேண்டும்.

பஃபலோ ரோட்டில் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்த ஒருவரின் மகள் பூவம்மா. நாடகம் பார்க்கப் போனவள், போன சீசனில் மாசிலாமணியைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அப்பா அன்றோடு அவளைத் தலைமுழுகிவிட்டார். “கூத்தாடி பின்னாடியா போறே? அவன் செத்தா தூக்கிப் போட நாலு பேர் வரமாட்டாங்க, பாத்துக்க” என்று தெருவில் நின்று சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் ஒரு மாடி அறையில் குடியிருந்தார்கள். தினமும் பிற்பகலில் கபீர் அங்கே போவார். மூன்று பேருமாகக் கோப்பி குடிப்பார்கள். கபீர் அவரை ‘ராஜா’ என்றுதான் கூப்பிடுவார். பூவம்மாவுக்குக் கபீர் அண்ணன். சொந்த வீட்டார் முகம் திருப்பிக்கொண்ட பெண்ணுக்கு அந்த ஒரு அண்ணன்தான் மிச்சம்.

ஒரு தடவை சிங்காரவேலு இன்னும் ஒரு படி மேலே போனார். நேற்று மேடையில் நிஜமான அம்பே தைத்துவிட்டது, ராஜபார்ட் மாசிலாமணி உயிருக்குப் போராடுகிறார், இன்று மேடையேறுவாரா மாட்டாரா என்று கபீரைக் கூவச் சொன்னார். கபீர் தொண்டை தழுதழுக்கக் கூவினார். தெருவில் இரண்டு பெண்கள் அழுதே விட்டார்கள். அன்று ராத்திரி திரை தூக்கியதும் சிம்மாசனத்தில் கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார் மாசிலாமணி. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதலாளி கபீருக்கு ஒரு புதுச் சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தார். பூவம்மா மட்டும் ஒரு வாரம் இரண்டு பேரோடும் பேசவில்லை.

அந்த மழைக்காலத்தில் மாசிலாமணிக்கு இருமல் பிடித்தது. முதலில் பீடியைக் குறை சொன்னார்கள், பிறகு மழையை, பிறகு விளக்குப் புகையை. அவர் இருமிக்கொண்டே ராஜாவானார், இருமிக்கொண்டே செத்தார். ஒன்ஸ்மோர் கேட்டால் எழுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். அதையும் ஒரு நடிப்பு என்று கொட்டகை ரசித்தது. கடைசியில் சளியில் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளியே விடமாட்டார்கள் என்று பிடிவாதமாக மறுத்துவிட்டார்.

இதற்கிடையில் கம்பெனி நிஜமாகவே பினாங்குக்குக் கிளம்பியது. கபீர் நிஜமாகவே ‘இன்றே கடைசி’ என்று கூவினார். பாதிக் கொட்டகைதான் நிரம்பியது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். சிங்காரவேலு திட்டிக்கொண்டே கப்பலேறினார். “உடம்பு தேறினதும் வந்து சேரு” என்று மாசிலாமணியிடம் சொன்னார். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அது நடக்காது என்று தெரியும். வேஷ உடுப்புகளெல்லாம் கம்பெனியோடு போயின. மாசிலாமணி தன் சொந்தச் செலவில் தைத்திருந்த ஒரு ஜரிகைக் கோட்டும் தலைப்பாகையும் மட்டும் அறையில் ஆணியில் தொங்கின.

கபீர் ஊரிலேயே தங்கிவிட்டார். தனக்கு இங்கேயே வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். அப்படி ஒன்றும் இல்லை.

ஒரு நாள் பிற்பகல் பூவம்மா தண்ணீர் எடுக்கக் கீழே போயிருந்தாள். மாசிலாமணி பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“பாய், எனக்கு ஒரு பயம்.”

“ஒண்ணும் ஆகாது ராஜா. சும்மா இருங்க.”

“சாவுக்கு இல்ல பாய். அதுதான் செத்துச் செத்துப் பழகியாச்சே.” சிரித்ததில் இருமல் வந்தது. அது அடங்கும்வரை கபீர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். “பூவு அப்பன் சொன்ன மாதிரி ஆயிடக் கூடாது. நாலு பேரோட நான் போயிடக் கூடாது. அவ தலை குனிஞ்சிடும். நீங்க கூவுனா இந்த ஊரு வரும். எனக்காக ஒரு தடவை கூவிடுங்க.”

“கூவுறேன்” என்றார் கபீர். அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடியும்போது மாசிலாமணி இறந்துபோனார். பூவம்மா கீழே வந்து கபீரைத் தேடவில்லை. அவரே வழக்கத்துக்கு மாறாகக் காலையில் போனார், எதற்கென்று அவருக்கே தெரியாது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

“ஊருக்குச் சொல்லுங்க அண்ணே. சாயங்காலம் எடுக்கணும். எல்லாரையும் வரச் சொல்லுங்க.”

கபீருக்கு இதில் ஒரு விஷயம் விளங்கவே இல்லை. அவர் ஜமாஅத்தில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசலில் சேதி சொன்னால் போதும். முன்பின் தெரியாதவன்கூட வந்து சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுப்பான். கொடுத்தால் நன்மை என்று வாங்கி வாங்கி மாற்றிக்கொள்வார்கள். செத்தவர் யார், என்ன தொழில் செய்தார் என்று எவரும் கேட்பதில்லை. ஊரையே அழ வைத்த மனிதரைத் தூக்க ஊரைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது அவருக்குக் கோபமே வந்தது.

வண்டி வேண்டாம், குழலும் வேண்டாம் என்று முடிவு செய்தார். தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு நடந்தே போனார். முதலில் கோப்பிக்கடை. அங்கே தங்கராஜு துறைமுகத்துக்குப் போகும் முன் கோப்பியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

“தங்கராஜு, நம்ம மாசிலாமணி போயிட்டார்.”

“பினாங்குக்கா?”

“இல்லப்பா. இறந்துட்டார். சாயங்காலம் எடுக்கிறாங்க.”

தங்கராஜு கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் கோப்பி மூக்கில் ஏறியது. “கம்பெனி திரும்பி வந்துருச்சா பாய்? அம்பு இந்தத் தடவை எந்தப் பக்கம்?”

“அல்லா மேல ஆணையாச் சொல்றேன்.”

“பாருங்கடா, இந்தத் தடவை சத்தியமும் உண்டு!”

கபீருக்குக் கண் நிறைந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கடை முழுக்கக் கைதட்டியது. “பாயும் நடிக்கக் கத்துக்கிட்டாரு லா!” என்று ஒருவன் மேசையில் தாளம் போட்டான். இன்னொருவன் டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். இதற்கு அவர்களைக் கோபித்துக்கொள்ள முடியுமா? தழுதழுத்த குரலை அவர்கள் முன்பே ஒரு தடவை கேட்டவர்கள்தான்.

சாலை நெடுக அதே கதை. வெற்றிலைக் கடைக்காரர் சிரித்தார். கோயில் வாசலில் பூக் கட்டியவள் “போங்க பாய், காலங்காத்தால” என்றாள். பூவம்மாவின் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். சேதியைக் கேட்டுத் தலையைக்கூடத் தூக்கவில்லை. “அவன் எத்தனை தடவை செத்து எழுந்தவன். சாயங்காலம் எழுந்திரிச்சிடுவான், போங்க” என்றார்.

கபீர் பசுக்கொட்டிலுக்கு வெளியே நின்று கையைப் பிசைந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வந்து நிற்பதாக ஒப்புக்கொண்டவர்கள் தப்பட்டைக்காரரும், வண்டிக்காரரும், மாசிலாமணி குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்துத் துணி வெளுப்பவர்கள் இருவரும். எண்ணிப் பார்த்தால் சரியாக நாலு பேர். மாமனார் வாயில் வந்த அதே நாலு பேர்.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. வேண்டாம் என்று உதறிவிட்டு மதியத் தொழுகையான லுஹருக்குப் போனார். தொழுகையில் மனம் நிற்கவில்லை. பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். பொய் சொன்னபோதெல்லாம் வந்தார்கள். உண்மை சொன்னால் வரமாட்டேன் என்கிறார்கள். சரி, வாருங்கள் என்று எழுந்தார்.

வண்டிக்காரரின் கொட்டிலில் பழைய தட்டிகள் இன்னும் கிடந்தன. தட்டியில் மாசிலாமணி வாளோடு நின்றார். கபீர் மாட்டைப் பூட்டச் சொன்னார். முக்காலியைப் போட்டு ஏறித் தகரக் குழலை எடுத்தார்.

“இன்றே கடைசி! இன்றே கடைசி! உங்கள் அபிமான ராஜபார்ட் மாசிலாமணி! ராஜ உடுப்பில்! சாயங்காலம் நாலு மணிக்கு! ரோச்சோர் கால்வாய் முனையில், நடுத்தெருவில்! டிக்கெட் கிடையாது! பாய்க்கும் பெஞ்சுக்கும் ஒரே இடம்! தாய்மார்கள் அவசியம் வரவும்! இன்று விட்டால் இனிமேல் பார்க்க முடியாது!”

யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் அவர் கூவிய கூவல் முழுக்கப் பொய். பழகிய குரல், பழகிய ஏற்ற இறக்கம், கடைசியில் குழலை ஆட்டி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை எப்படி வரவழைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பஃபலோ ரோடு, கண்டாங் கெர்பாவ், மார்க்கெட், சாலையின் இரு கோடிகள் எல்லாம் போனார். தப்பட்டைக்காரர் மட்டும் அவரைத் திரும்பிப் பார்க்காமல் அடித்துக்கொண்டு வந்தார்.

நாலு மணிக்கு முன்பே முனை நிறைந்துவிட்டது. துறைமுகத்து ஆட்கள் சேதி கேட்டு வேலையைப் பாதியில் விட்டு, முகம் கழுவித் திருநீறு இட்டு வந்திருந்தார்கள். பெண்கள் தலை நிறையப் பூவோடு வந்தார்கள். பிள்ளைகள் அப்பாக்களின் தோளில் உட்கார்ந்திருந்தார்கள். கச்சான் கடலை விற்கிறவன் கூடையை இறக்கிவிட்டான். ஐந்நூறு பேருக்குக் குறையாது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். கொட்டகை ஒருநாளும் அத்தனை பேரைக் கண்டதில்லை.

மாடியிலிருந்து பாடை இறங்கியது. பூவம்மா அவருக்கு அந்த ஜரிகைக் கோட்டைப் போட்டுத் தலைப்பாகை வைத்திருந்தாள். நல்ல துணி என்று அவரிடம் வேறு இல்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. தெருமுனை வரை வந்து, பாடையைச் சுற்றி வந்து, அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும். படியிறங்கும்போது அவள் கண்ணில் அந்தக் கூட்டம் பட்டது. காலையிலிருந்து கல்லாக இருந்த முகம் ஒரு கணம் இளகியது.

“வந்திருக்காங்க பாருங்க அண்ணே. எத்தனை பேர்!”

கபீர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த நேரத்தில் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பாடை கூட்டத்துக்குள் வந்ததும் கைதட்டல் எழுந்தது. தப்பட்டையின் சாவு மேளத்துக்குச் சிலர் தாளம் போட்டார்கள். “மூச்சே விடலை பாரு, என்னா மாதிரி அடக்குறார்!” என்று ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் வியந்தாள். பிள்ளைகள் எக்கிப் பார்த்தார்கள். பூவம்மாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. சிரிக்கிற முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். முனையில் பாடையை இறக்கினார்கள். அவள் சுற்றி வருவதற்காக நின்றாள்.

முன்வரிசையிலிருந்து தங்கராஜு இரண்டு கையையும் வாயில் குவித்தான்.

“ஒன்ஸ்மோர்!”

அவ்வளவுதான். ஐந்நூறு வாயும் சேர்ந்துகொண்டது. ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர் என்று தெரு அதிர்ந்தது. மாடி ஜன்னல்களிலிருந்தும் கூவினார்கள். சீன ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கபீர் இரண்டு கையையும் தூக்கி வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினார். அதையும் அவர்கள் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். ஊர் முழுக்கக் கேட்ட அவருடைய குரல் அந்தச் சத்தத்துக்குள் எங்கேயோ போய்விட்டது. பூவம்மா மட்டும் அசையாமல் கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கராஜுவுக்குப் பொறுமை இல்லை. “என்ன ராஜா, இன்னைக்கு ரொம்பக் கிராக்கி பண்றீங்க?” என்று சிரித்தபடி முன்னால் வந்து பாதத்தைத் தொட்டு ஆட்டினான். தொட்ட கையை எடுக்கவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. குனிந்து இன்னொரு பாதத்தையும் தொட்டுப் பார்த்தான். பிறகு மண்டியிட்டான். அவன் மண்டியிட்டதைப் பார்த்து முன்வரிசை அடங்கியது. அதைப் பார்த்து அடுத்தவர்கள் அடங்கினார்கள். பின்னால் நின்றவர்கள் கொஞ்ச நேரம் கூவிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்குச் சேதி போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆயிற்று.

எழுந்து வந்த தங்கராஜு கபீரின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். தொப்பி தெறித்து விழுந்தது.

“பொணத்த வெச்சாய்யா கூட்டம் சேர்ப்பே?”

“காலைல வந்து அழுதேன்” என்றார் கபீர். “கை தட்டுனீங்க.”

தங்கராஜு மறுபடியும் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. கீழே கிடந்த தொப்பியை எடுத்து, தட்டி, கபீர் கையில் கொடுத்தான். தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடைக்குப் போய்த் தோள் கொடுத்தான். பெண்கள் தலையிலிருந்த பூவை உருவி உருவிப் பாடையின் மேல் போட்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த பூவம்மாவின் அப்பா, யாரும் கூப்பிடாமல் முன்னால் வந்து மகள் பக்கத்தில் நின்றார். சுடுகாடு வரை தோள் மாற்றிக்கொண்டே போனார்கள். தூக்கத் தனக்கு இடம் கிடைக்கவில்லை என்று வழியில் சிலர் சச்சரவு செய்தார்கள். சாலை அடைத்து ஜனம் போனது. ஒரு வியாபாரிக்கோ பெரிய மனிதருக்கோகூட அப்படி ஒரு ஊர்வலம் அந்தப் பக்கத்தில் நடந்ததில்லை. கபீர் எல்லோருக்கும் கடைசியில், தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு கபீர் தெருவில் கூவவில்லை. அடுத்த ஆண்டு சிங்காரவேலு புது ராஜபார்ட்டோடு வந்து இறங்கி ஆள் மேல் ஆள் அனுப்பினார். கூலி கூடக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து இரட்டிப்பாகத் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். கபீர் போகவில்லை. ஜோகூருக்குப் போய் ஆடு வாங்கி வந்து விற்கும் தொழிலில் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்தார். பேரம் பேசக்கூட அவர் வாயைத் திறப்பதில்லை, விரலை மட்டும் காட்டுவார் என்பார்கள். நடுத்தெருவில் வாங்கிய அறைதான் ஆளை முடக்கிவிட்டது என்று கோப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். தங்கராஜுவும் அப்படித்தான் நினைத்து, இரண்டு தரம் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டான்.

அறை ஒரு பெரிய விஷயமே இல்லை. அந்த அறை இல்லாமல் போயிருந்தால்தான் கபீர் தாங்கியிருக்க மாட்டார்.

அதற்கெல்லாம் முன்பே, கருமாதி முடிந்த மறுநாள், பூவம்மா அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அப்பா வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். சாமான் தூக்கிக் கொடுக்கலாம் என்று கபீர் போனார். கூட்டம் எப்படி வந்தது என்பதை அதற்குள் யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். திட்டுவாள், திட்டட்டும் என்றுதான் படியேறினார்.

அவள் திட்டவில்லை. கோப்பி போட்டுக் கொடுத்தாள்.

“நல்ல கூட்டம் அண்ணே. அவர் ஆசைப்பட்ட மாதிரியே வந்தாங்க. எங்கப்பாவே வந்துட்டார். நீங்க கூவலைன்னா இதெல்லாம் நடந்திருக்காது. எனக்குத் தெரியும்.”

கபீர் குவளையைக் கீழே வைத்தார். “தப்புப் பண்ணிட்டேன்மா.”

“இல்ல.” அவள் பாத்திரத்தைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சுச் சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டாள். “ராத்திரியெல்லாம் பக்கத்துல இருந்து பாத்தவ நான். மூச்சு நின்னதையும் பாத்தேன். குளிப்பாட்டிக் கோட்டு மாட்டினதும் நான்தான். போயிட்டாரு, போயிட்டாருன்னு மனசுக்குச் சொல்லிச் சொல்லி ஒரு வழியா ஏத்துக்கிட்டுத்தான் அந்தப் படியில இறங்கினேன். அப்ப எல்லாரும் ஒன்ஸ்மோர்னு கேட்டாங்க. ஜனம் கேட்டு அவர் எழுந்திரிக்காம இருந்ததே இல்லையே அண்ணே. எழுந்திரிப்பாருன்னு நானும் பாத்துக்கிட்டு நின்னேன்.”

கபீர் அவளைப் பார்க்கவில்லை.

“எழுந்திரிக்கல. எனக்கு அவர் அப்பத்தான் அண்ணே செத்தாரு. அத்தனை பேர் சிரிச்சுக்கிட்டு நிக்கிறப்ப.”

அவள் மூட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியிறங்கினார்.